ரவுண்ட்ஸ் முடியும் வரை

அதெப்படிப் பெற்றவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள், குழந்தையின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கப் போகிற நேரத்தில் அம்மா இருக்கக் கூடாது என்றால் வேறு எந்த நேரத்துக்கு அம்மா... பியூலா கம்பிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வராரு, அம்மாங்கல்லாம் வெளிய போங்க என்று சிஸ்டர் சொன்னதும் எல்லாரும் பிரேயர் மணி அடித்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக வெளியேறினார்கள், அவளும்தான் வெளியேறினாள், கால் ஏன் அப்படிக் கீழ்ப்படிந்தது? ஊசி போடும்போது அம்மா உன் கையைப் பிடிச்சுக்குவேன்டா என்று ஐசக்கிடம் சொல்லியிருந்தாளே, ஐந்து வயசுப் பிள்ளை, அதை நம்பித்தான் காலையில் அரை இட்லி தின்றான். கதவை ஒரு தரம் ஆட்டினாள். "டீச்சர்னு சொல்றீங்க, படிச்சவங்களே இப்படிப் பண்ணா எப்படிங்க?" என்று உள்ளேயிருந்து சிஸ்டர் அதட்டினாள். படித்தவள் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா, படிக்காதவள் என்றால் மட்டும் விட்டுவிடுவாளா? ஐசக்கின் அப்பாவோ, லீவு கிடைக்கவில்லை, ஜெபம் பண்ணு என்று சொல்லிவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். ஜெபம் பண்ணுகிறேன், கர்த்தரே, ஆனால் கோபத்தோடுதான் பண்ணுகிறேன், உம்மிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்த தாய்மாரை அதட்டினவர்கள் மேல் உமக்கும் கோபம் வந்ததே...

அம்மா என்று ஒரு அலறல். ஐசக்கேதான். வார்டில் எத்தனை பிள்ளை கத்தினாலும் அந்தக் குரல் அவள் வயிற்றில் வந்துதான் விழும். கம்பியில் நெற்றியை அழுத்திப் பார்த்தாள், வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி, அதில் கட்டில், கட்டிலின் தலைமாட்டில் யார் அது, தலையில் துண்டு கட்டிய பெருக்குகிற பெண் அல்லவா, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து என் பிள்ளையின் கையை... டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை! குப்பை அள்ளுகிற கைக்கு உள்ளே இடம் இருக்கிறது, பெற்ற கைக்கு இல்லையா? சற்று முன் வெளியே வரும்போதுகூட அந்தப் பெண் வாசலில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள், தூசு படாமல் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தள்ளிப் பெருக்கும்மா என்று பியூலாதான் சொல்லிவிட்டு வந்தாள். இரு, கதவு திறக்கட்டும், பெரிய டாக்டரிடமே போய்க் கேட்கிறேன், இது என்ன நியாயம் என்று...

கதவு திறந்தது. யாரையோ இடித்துக்கொண்டு ஓடினாள். ஐசக் மல்லாந்து படுத்து விக்கிக்கொண்டிருந்தான், கண் பாதி மூடியிருந்தது, அவன் முஷ்டிக்குள் அந்தப் பெண்ணின் விரல். விடும்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் மறுகையால் தலைத்துண்டை அவிழ்த்தாள். அடுத்த கட்டில் பட்டுவின் அம்மா, அனகாபுத்தூர் கங்கையம்மாள், நேற்று ஐசக் ஹார்லிக்ஸுக்கு அழுதபோது தன் பிளாஸ்க்கைச் சாய்த்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தவள்.

"நீங்களா?"

"கொரலு ஒசத்தாத டீச்சர். பெருக்கற ஆயாகிட்ட தொடப்பம் வாங்கிக்கினேன். கைல தொடப்பம் இருந்தா யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. தொரைங்க மூஞ்சியா பாக்கறாங்க?"

"பட்டு?"

"அது தூங்கிகினு கீது. அத்த பாத்துக்கத்தான் வந்தேன், ஒன் புள்ள அம்மா அம்மான்னு கத்தறான், எப்டி சொம்மா நிக்கறது? வெரலக் குட்த்தேன். யப்பா, இன்னா பிடி!" கங்கையம்மாள் துடைப்பத்தைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "நாளன்னிக்கு மறுக்கா குத்தணுமாம். தொடப்பத்த நீ எட்த்துக்கோ. ஆனா இந்தக் கஞ்சி போட்ட பொடவ ஆவாது, என்னுது ஒண்ணு தரேன். மூக்குக் கண்ணாடியும் கழட்டிடு."

சிரிக்க வேண்டிய இடம்தான், சிரிப்பு வரவில்லை. கோபம் போகவில்லை, போகவும் கூடாது, அந்தக் கதவைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் கேட்கத்தான் போகிறாள், ஆனால்... தொரைங்க மூஞ்சியா பாக்கறாங்க... டாக்டர் பார்க்கவில்லை, சிஸ்டர் பார்க்கவில்லை, சரி, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பெருக்கும்மா என்றபோது தான் மட்டும் யார் முகத்தைப் பார்த்தாள்? கங்கையம்மாளுக்கு அது கேட்டிருக்குமா, கேட்டுமா வந்து உட்கார்ந்தாள்? பியூலா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க முயன்றாள். கங்கையம்மாளோ குனிந்து, ஐசக்கின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் விரலிலிருந்து பிரித்து, அவன் விழித்துக்கொள்ளாமல், பியூலாவின் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.