பால்சோற்றில் இரண்டாவது பாதாம்

எய்னர் கிழவர் சரியாகச் சாப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. இடுப்பு விட்டுப்போய் மீன்படகிலிருந்து இறங்கியவர், சாப்பாட்டிலிருந்தும் இறங்கிக்கொண்டார். காப்பி, கறுப்பு ரொட்டியில் பாதித் துண்டு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "புது வருஷம் பொறந்ததும் வருவேன். இன்னும் கொறஞ்சிருந்தா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே போனால் சவப்பெட்டியில்தான் திரும்புவேன் என்று கிழவர் புலம்பினார். சாப்பிட மட்டும் மாட்டார்.

மருமகள் சோல்வாய் மீன் ஃபாக்டரியில் குடல் எடுக்கிறவள். கெஞ்சிப் பழக்கமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்கால விருந்துக்கு ஒரு கணக்குப் போட்டாள்.

பாலில் குழைய வெந்து ஆறிய சோற்றில் அடித்த க்ரீமும் நறுக்கிய பாதாமும் கலந்தாள். முழுப் பாதாம் ஒன்றே ஒன்றுதான் போடுவது அந்த ஊர்ப் பண்டிகை வழக்கம். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பாதாம் மாவில் பிடித்த இனிப்புப் பன்றி பரிசு. அகப்பட்டவர் உடனே சொல்லமாட்டார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, இன்னும் தேடுகிற மாதிரி கடைசிவரை தின்பார். மற்றவர்களையும் தின்ன வைப்பார். அந்தக் கள்ளத்தில் எய்னரை மிஞ்ச அந்தத் துறைமுகத்தில் ஆள் கிடையாது.

அதனால் சோல்வாய் அந்த முழுப் பாதாமைப் பொதுக் கிண்ணத்தில் போடவில்லை. மாமனாரின் தட்டில் வைத்து, சோற்றால் மூடி, சூடான செர்ரிக் குழம்பை ஊற்றினாள்.

வாத்துக்கறியைத் தொடாதவர் இதற்குக் கரண்டியை எடுத்தார். முதல் வாய். தாடை நின்றது.

பாதாமை உள்ளங்கையில் துப்பி மேசைமேல் வைத்தார். "இந்தா. ஆட்டம் முடிஞ்சுது. பன்னியக் குடு, நான் போய்ப் படுக்கறேன்."

"என்னப்பா, மொத வாயிலயேவா!" மகன் ஹோல்கர் கரண்டியைக் கீழே வைத்தான்.

சோல்வாயின் கணக்கு பிசகிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள். "முடியல மாமா. இந்தத் தடவ ரெண்டு போட்டிருக்கேன்."

"ரெண்டா? எந்த வீட்லடி ரெண்டு போடுவாங்க?"

"இந்த வீட்ல."

"பொய். ஒன் மூஞ்சியே சொல்லுது. கிண்ணத்தக் கிளறிக் காட்டு."

"கிளறறதா? நான் கல்யாணமாகி வந்த வருஷம் கிளறினதுக்குக் கரண்டியாலயே கையில போட்டீங்க. தின்னுதான் கண்டுபிடிக்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

"விடுடி" என்றான் ஹோல்கர். "அப்பாவால முடியாது."

"யாரால முடியாது?"

கிழவர் தின்றார். தட்டை வழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். நெற்றி வேர்த்தது. பல்லில் ஏதாவது பட்டால் நிறுத்தி, நாக்கால் புரட்டி, "நறுக்குதான்" என்பார். சோல்வாய் மெதுவாக மென்றதும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒனக்குக் கெடச்சிடுச்சா? வாயத் தொற."

திறந்தாள். ஒன்றுமில்லை.

கடைசிக் கரண்டியையும் அவரே வழித்துத் தின்றுவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார். "எங்கடி ரெண்டாவது? பொய்க்காரி!"

"ஆமா மாமா. பொய்தான்."

"ஒத்துக்கிட்டா பாரு!" பரிசாக வந்த பன்றியின் காதைக் கடித்துக்கொண்டே காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கடிப்பதை நிறுத்தினார். ஹோல்கர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு என்ன பொய் சொல்லப்போற?"

"வாத்துக்கறி மிச்சமிருக்கு. அதுல எலும்பே இல்லன்னு சொல்லப்போறேன்."

"எலும்பு இல்லாத வாத்தா?" கிழவர் மேசையைப் பிடித்து எழுந்தார். "நாளைக்குக் கொண்டு வா. பாத்துடறேன்."