முள் ஆடாத மூச்சு

பென்னாகரம் கடைவீதியில் ‘ரெகுலேட்டர் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டிய குற்றத்துக்காக அன்பரசி அன்று காலை மட்டும் இரண்டு ஃபேன் ரெகுலேட்டர்களையும் ஒரு கேஸ் அடுப்பு ரெகுலேட்டரையும் திருப்பி அனுப்பியிருந்தாள். நான்காவதாக வந்தவர் அக்கா வீட்டுக்காரர் தீர்த்தகிரி. அவர் கொண்டுவந்ததுதான் அவளுடைய அசல் தொழில் சாமான்: தண்ணீருக்குள் மூச்சுவிட, காற்று அடைத்த சிலிண்டரின் வாயில் பூட்டும் ரெகுலேட்டர், ஒரு பித்தளைக் கட்டை. அந்தமானில் ஒன்பது வருடம் அவள் கழற்றி மாட்டிய சாமான் அது. அங்கே அதைக் கட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போவார்கள். இங்கே மாமா கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தூக்கப் போகிறார்.

கட்டையைத் திருப்பிப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. அதன் இடுப்பைச் சுற்றி இருக்க வேண்டிய ஆறு ஓட்டைகளையும் காணோம். சாம்பல் நிறத்தில் எம்சீல் வைத்து, விரலால் வழித்து, அழகாக மெழுகியிருந்தது.

“யாரு மாமா இந்த வேலையப் பாத்தது?”

“நாந்தான். சேறு உள்ள போவுதில்ல? ஒரேயடியா அடச்சிட்டேன்.” பாராட்டை எதிர்பார்க்கும் குரல்.

“அது தண்ணி போறதுக்குன்னே வெச்ச வழிங்க! வெளிய எவ்ளோ அழுத்தம்னு அந்த ஓட்டை வழியாத்தான் இதுக்குத் தெரியும். அதுக்குத் தக்கனதான் காத்து குடுக்கும். நீங்க கண்ணக் கட்டி எறக்கி வுட்டிருக்கீங்க.”

“நாலு கெணறு எறங்கி ஏறிட்டேனே.”

“எறங்கறப்ப எப்படி இருந்துச்சு?”

தீர்த்தகிரி கழுத்தைச் சொறிந்தார். “ஆழம் போவப் போவ இழுக்கறது செரமமாத்தான் இருந்துச்சு. வயசாவுதுன்னு நெனச்சேன். பீடியக்கூட வுட்டுட்டேன்.”

அக்கா பதினெட்டு வருடம் அழுதும் விடாத பீடி. அன்பரசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், எரிச்சல் முந்திக்கொண்டது. பல்குச்சியால் எம்சீலைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். உள்ளே பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம் கிழிந்து கிடந்தது. புது வளையம் பார்சலில் வர இரண்டு நாளாகும்.

“ரெண்டு நாளா? மொரப்பூர் சென்னப்பன் தக்காளிக்குத் தண்ணி இல்லாம உக்காந்திருக்கான். மத்தியானம் வரேன்னு சொல்லிட்டேன். அந்தா, அதக் குடு.” அவர் கை சுவரைக் காட்டியது.

ஆணியில் குழாய், வாயில் கடிக்கும் ரப்பர், மீட்டர் எல்லாவற்றோடும் தொங்கியது அவளுடைய சொந்தக் கட்டை. ஓட்டையே இல்லாமல் சவ்வு போட்டு மூடிய ஜாதி; வெளி அழுத்தத்தை அந்தச் சவ்வே உள்ளே சொல்லிவிடும். சேற்றுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. சிலிண்டரிலிருந்து கழற்றியதும் அதன் வாய் தானே மூடிக்கொள்ளும். மூடி போட மறக்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. சிலிண்டரின் வாய் முழுசாக அழுத்தினால்தான் அது முழுசாகத் திறக்கும். உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க மனிதனின் மூச்சில் ஒரு கதவு வைத்தவன் நிச்சயம் கரையில் உட்கார்ந்துதான் யோசித்திருப்பான் என்பது அவள் கட்சி. மாமா கட்டையோடு தூக்கிவந்திருந்த சிலிண்டரிலோ வாய் தேய்ந்துபோய், லேத்தில் கடைந்த துண்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது ஒரு நூல் குட்டை, கதவை முழுசாக அழுத்த எட்டாது. அவளுடைய சிலிண்டர் சோதனைக்குச் சேலம் போயிருந்தது.

“உங்க சிலிண்டருக்கு இது பாதிதான் தெறக்குங்க.”

“பாதி போதும். நான் என்ன ரெண்டு பேருக்கா மூச்சு வுடப் போறேன்? எழுபதடி வேணாம், அறுபது போறேன்.”

“மோட்டார் எழுபதுல கெடக்குது.”

“சரி, அம்பத்தஞ்சு.”

சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுவதுபோல் கிணற்றின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். விட்டால் கிணற்றுமேட்டிலேயே மோட்டார் கிடக்கும்.

“அம்பத்தஞ்சுல நின்னுக்கிட்டு மோட்டாரக் கூப்புடுவீங்களா? பாதாளக் கரண்டி போட்டு மேல இருந்தே இழுங்க.”

“அது எவன் வேணா இழுப்பான். அப்புறம் நான் எதுக்கு?”

அவள் எழுந்து ஆணிக்கு எட்டினாள். தன் கட்டையை அவர் சிலிண்டரில் பூட்டித் திருகைத் திறந்தாள். காற்றழுத்தம் காட்டும் மீட்டர் முள் நூற்றெண்பதில் ஏறி நின்றது.

“வாயில வெச்சு இழுங்க. முள்ளு ஆடலன்னா எடுத்துட்டுப் போங்க. ஆடுச்சுன்னா வாசல் பாதிதான் தெறந்திருக்குன்னு அர்த்தம். எழுபதடியில ஒரு மூச்சுக்கு மூணு மூச்சுக் காத்து வேணும், பாத்துக்குங்க.”

தீர்த்தகிரி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்தார். முள் ஆடவில்லை. புருவத்தை உயர்த்தினார். மறுபடி இழுத்தார். ஆடவில்லை.

அன்பரசி முள்ளை விட்டுவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. பூனை பால் நக்குவதுபோல் நுனி உதட்டால் காற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டில் சுண்டுவிரல் வைக்கிற வேலை. அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

மேஜையில் அவருடைய போன் அடித்தது. சென்னப்பன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. வாயில் ரப்பரைக் கடித்திருந்தவர் கண்ணால் போனைக் காட்டினார், அவள் எடுக்கவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. காதுமடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் கிள்ளித்தான் எடுத்தார்.

மூன்றாவது முறை போன் அடித்தபோது அவரால் முடியவில்லை. தோள் இரண்டும் எழும்ப, நெஞ்சு விரிய, ஒரு முழு மூச்சை இழுத்தார்.

நூற்றெண்பதிலிருந்து முள் சரேலென்று நூறுக்குக் கீழே குனிந்து, நடுங்கி, நிமிர்ந்தது. இன்னொரு மூச்சு. மறுபடி குனிந்தது. ரப்பரைத் துப்பாமல், போனை எடுக்காமல், அந்த முள் ஒவ்வொரு தடவையும் குனிந்து எழுவதைத் தீர்த்தகிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.