ஏழாம் கட்டிலின் விசிட்டர்

லாரிக்காரருக்குச் சட்டம் என்ற சொல்லே ஆகாது. முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் முதலில் ஓரங்கட்டப்படுவது தன் வண்டிதான் என்பது அவர் கண்ட உண்மை. அதனால் பக்கத்து ஆறாம் கட்டில் வாத்தியார் பேப்பரை விரித்துப் பாடம் நடத்தியபோது அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கேளுய்யா லாரி. இனிமே ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளிதானாம். ஏழாவதா ஒரு ஆள் இருந்தா இன்னொரு நர்ஸ் வச்சே ஆகணும். உண்மையைச் சொல்ற நர்ஸை வேலையை விட்டு எடுக்கவும் முடியாதாம்."

"பேப்பர்ல நல்லாத்தான் இருக்கும். இந்த வார்டுல கட்டில் ஏழு, சிஸ்டர் ஒண்ணு. அதை எண்ண எவன் வரப்போறான்?"

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் பாதத்தில் இருந்தது. சர்க்கரைப் புண். எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பத்து நாள் ஊசி. "ஒண்ணு தவறினாலும் புண் மேல ஏறும், அப்புறம் பாதத்தை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் கத்திரிக்காய் நறுக்குகிற மாதிரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று ஏழாம் நாள். காலை எட்டு மணி ஊசி ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தது. சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் குழாயைப் பிடுங்கிவிட்டார். அந்தப் பெண் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

மதியம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கும்போது சூப்பிரண்டு அம்மா வந்தார். அவரும் ஒருகாலத்தில் நர்ஸ்தான். பதினைந்து வருஷமாக மேஜையும் முத்திரையும்தான் வேலை.

"பெரியவரே, மூணு மணிக்குச் சோதனைக்கு வர்றாங்க. ஒரு மணி நேரத்துக்கு நீங்க நோயாளி இல்ல."

"அப்ப நான் யாரு?"

"விசிட்டர். ஆறாம் கட்டில்காரரோட மச்சான்."

"இந்த ஆளுக்கா? ஏழு நாளா ஃபேனுக்கு அடிச்சுக்கறோம்மா!"

"அதனாலதான். பார்க்கறவங்க உடனே நம்புவாங்க."

சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்றாள். "மேடம், இது சரியில்ல. ஏழு பேர் இருக்காங்க..."

"ஏழாவது கட்டில்ல போர்வை அடுக்கி வச்சாச்சுன்னா எண்ணிப் பாரு, ஆறுதான் வரும்." பிறகு லாரிக்காரர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "வாயைத் திறந்தீங்க, இன்னைக்கே டிஸ்சார்ஜ். மிச்ச ஊசியை எங்க வேணா போய்ப் போட்டுக்கோங்க."

எங்கே போய்ப் போடுவது? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊசி போட எவன் கடை திறந்து வைத்திருக்கிறான்? லாரிக்காரர் வாயை மூடிக்கொண்டார். முழுக்கைச் சட்டை மாட்டி, கையில் செருகிய ஊசிக்குழாயை மறைத்தார்கள். கால் கட்டின் மேல் வாத்தியாரின் பழைய காலுறையை ஏற்றினார்கள். அது பாதி வரைதான் ஏறியது.

"உக்காருங்க மச்சான்," என்றார் வாத்தியார், வாயெல்லாம் பல்லாக. "வெறுங்கையோடவா வந்தீங்க? என் தங்கச்சி ஒண்ணும் குடுத்து விடலையா?"

"உன் தங்கச்சியைக் கட்டியிருந்தா நான் என்னைக்கோ இந்த வார்டுக்கு வந்திருப்பேன்."

மூன்றுக்கு வரவேண்டிய அதிகாரி மூன்றரைக்கும் வரவில்லை. மர நாற்காலியில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிற்று. நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் பார்வை நேரம் முடிகிற மணி அடித்தது. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த வாட்ச்மேன் ஒருவன் தடியோடு உள்ளே வந்தான்.

"விசிட்டரெல்லாம் கிளம்புங்க, கிளம்புங்க! பெரியவரே, உங்களைத்தான்."

"தம்பி, நான் வந்து..." என்று தொடங்கினார் லாரிக்காரர். வாசலில் சூப்பிரண்டு அம்மா நின்று முறைத்தார். அந்தப் பார்வையில் டிஸ்சார்ஜ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சிஸ்டரோ கோடியில் காய்ச்சல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் எழுந்தார்.

"நாளைக்கும் வாங்க மச்சான்!" என்று வாத்தியார் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சுவரைப் பிடித்துப் பிடித்து, குதிகாலை ஊன்றி நொண்டியபடி, பழக்கூடைப் பெண்களுக்கும் அழுகிற பிள்ளைகளுக்கும் நடுவே லாரிக்காரர் வெளிக்கேட்டு வரை போய்ச் சேர்ந்தார். கேட் சாத்தப்பட்டது. அவர் வெளியே இருந்தார். கேட்டுக்கு மேலே இருந்த கடிகாரம் நாலைக் காட்டியது, அடுத்த ஊசிக்கான நேரம். பாதம் உள்ளே விண்விண்ணென்று தெறித்தது. சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் தன்னைப் பிடித்த எல்லாச் சட்டத்தையும் வரிசையாகத் திட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. கையில் கோப்போடு ஒரு அம்மா இறங்கினார். அதே நேரம் கேட்டைத் திறந்துகொண்டு சிஸ்டர் தட்டோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"ஐயா, உங்களை எங்கெல்லாம் தேடறது! கையைக் குடுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சு."

"யாரோ பார்க்கறாங்கம்மா," என்று கிசுகிசுத்தார்.

"பார்த்துட்டுப் போகட்டும்." சட்டைக் கையை மடித்து மருந்தை மெல்ல ஏற்றினாள்.

கோப்பு அம்மா பக்கத்தில் வந்தார். "நான்தான் சோதனைக்கு வந்த அதிகாரி. இவர் யாரு?"

"விசிட்டர்," என்றார் லாரிக்காரர் முந்திக்கொண்டு.

"விசிட்டருக்கு ஊசி போடறாங்களா?"

"இங்க கவனிப்பு அப்படி."

அதிகாரி காலைப் பார்த்தார். பாதிக் காலுறைக்கு மேலே கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. சிஸ்டரைப் பார்த்தார். அவள் காலி ஊசியைத் தட்டில் வைத்தாள். அதற்குள் சூப்பிரண்டு அம்மா புடவைத் தலைப்பு பறக்க வந்து சேர்ந்தார்.

"வாங்க மேடம், வாங்க! இவர் ரோட்டுல போறவர். மயக்கம்னாரு, சிஸ்டர் இரக்கப்பட்டு ஊசி போட்டிருக்கா. வாட்ச்மேன், ஒரு வண்டியைக் கூப்பிட்டுப் பெரியவரை வீட்டுல விட்டுட்டு வா."

வீடு. லாரிக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் கூலி இதுதானா?

"வீட்டுக்கா? எனக்கு இன்னும் மூணு நாள் ஊசி இருக்கு! ஏழாம் கட்டில் என்னோடது. மேல அடுக்கி வச்சிருக்கிற போர்வையைத் தூக்கிப் பாருங்க, என் பல் செட்டு கிண்ணத்துல கிடக்கும். இந்தப் பொண்ணு ஒத்தையா ஏழு பேரைப் பார்க்குது. காலையில என் ஊசி ஒண்ணே முக்கால் மணி நேரம் லேட்டு. எழுதிக்கோங்க!"

"உண்மையாம்மா?" என்று அதிகாரி சிஸ்டரைக் கேட்டார்.

"ஏழு பேர் மேடம்," என்றாள் அவள். தலை நிமிர்ந்திருந்தது. "ரெண்டு மாசமா."

அதிகாரி எழுதினார். நிறைய எழுதினார். பிறகு சூப்பிரண்டு அம்மாவிடம் கேட்டார். "உங்களுக்கு நர்ஸ் பதிவு இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா நான் நிர்வாகத்துல..."

"ரெண்டாவது நர்ஸ் வர்ற வரைக்கும் நீங்கதான் ரெண்டாவது நர்ஸ். இப்பவே."

சாயங்காலம் புண்ணைக் கழுவிக் கட்ட சூப்பிரண்டு அம்மாதான் வந்தார். கையுறை போட இரண்டு தடவை தடுமாறினார். வார்டே கழுத்தை நீட்டிப் பார்த்தது. கோடியில் சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் பல் செட்டை மாட்டிக்கொண்டு, வலித்தால் என்னென்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தார். லாரி ஸ்டாண்டில் கற்ற சொற்கள் அத்தனையும் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

ஆனால் அந்தக் கைகள் மறக்கவில்லை. பஞ்சு பட்டும் படாமலும் நகர்ந்தது. கட்டு இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை.

"வலிக்குதா பெரியவரே?"

லாரிக்காரர் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு குறை அகப்படவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.