எதிர் நாற்காலி

சேதுமாதவன் சாப்பிடுகிற அழகே தனி. குனிந்த தலை நிமிராது. சாப்பிடுவார், கையைக் கழுவுவார், எழுந்து போய்விடுவார். பத்மா கரண்டியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் எழுந்த பிறகுதான் அவள் உட்காரலாம். வளைகுடாவுக்கு வேலைக்கு வந்து, ரோலா பேட்டையில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்து, நாலு நாற்காலி போட்டு மேஜை வாங்கிய பிறகும் மகாராஜாவின் வழக்கம் மாறவில்லை. பிள்ளைகள் திருச்சியில் விடுதியில் இருந்தார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அவர்களும் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

எழுபத்தேழில் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இன்ஜினியரான அவரையும் பத்மாவையும் பிரெஞ்சு மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மேனேஜர் மனைவியின் பிறந்த வீட்டில் திராட்சைத் தோட்டமாம், ஒயின் செய்கிற குடும்பமாம். ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினாள். கொடிப் பந்தலுக்கு அடியில் நீள மேஜை. கிழவன், கிழவி, மருமகள், கூலிக்காரன் எல்லாரும் ஒரே பந்தியில். காலில் சேறு, மேஜைக்கடியில் நாய்.

"அங்கே ஒயினுக்கு நல்ல நாள் பார்க்க மாட்டோம். உட்கார்ந்து பேச அது ஒரு சாக்கு" என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்.

பத்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். ஒரே துவர்ப்பு, பிடிக்கவில்லை. ஆனால் மேனேஜர் ஏதோ சொல்ல, மனைவி அவர் தோளில் அடித்துச் சிரித்தாள் பாருங்கள், அது பிடித்திருந்தது. சாயங்காலம் வரை புருஷனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வாய்விட்டுச் சிரித்தும் இருந்தாள்.

"என்னடி சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய?" என்றார், திரும்பி வரும்போது.

"நீங்களுந்தான் சிரிச்சீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேனேஜர் கொடுத்த ஒயின் பாட்டில், வெயில் விழுகிற ஷோகேஸில், பளிங்கு தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் ஏறியது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் லேபிளைக் காட்டுவார்.

"ஏங்க, இந்த வெள்ளிக்கிழமை அதத் திறந்து, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடலாமா?" அவளுக்கு ஒயினா முக்கியம்?

"சும்மா திறக்கிற சாமானா அது? புரமோஷன் வரட்டும்."

புரமோஷன் வந்தது. "ஊருக்கு லீவுல போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார். போய்விட்டும் வந்தார்கள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஆத்திரத்தில் ஒருநாள் ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள். மனிதர் அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

எழுபத்தொன்பது ஆகஸ்டில் சைட்டிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிய கையோடு கம்பெனி ஊருக்கு டிக்கெட்டும் கொடுத்துவிட்டது.

கடைசி வெள்ளிக்கிழமை பத்மா ஷோகேஸைக் காலி செய்தாள். பாட்டில் கைக்கு வந்ததும் தொட்டியில் கொட்டத்தான் போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். கட்டிலிலிருந்து அவரை அணைத்துத் தூக்கி, இழுத்து, மேஜை நாற்காலியில் உட்கார வைத்தாள். சரியாமல் இருக்க இடுப்பை நாற்காலியோடு சேர்த்து வேட்டியால் கட்டினாள். இரண்டு தட்டு வைத்தாள். குழையப் பிசைந்த ரசம் சாதம் அவருக்கு. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளே குத்தித் தள்ளியதும் காடி நெடி மூக்கில் ஏறியது. எத்தனை வெயில் பார்த்த பாட்டில். ஒரு வாய் குடித்தாள், தொண்டை எரிந்தது.

"புளிச்சுப் போச்சுங்க" என்றாள்.

அவர் பாட்டிலையே பார்த்தார். அவள் விரலை நனைத்து அவர் நாக்கில் தொட்டு வைத்தாள். முகம் சுருங்கியது. உதட்டின் இடது பாதி மட்டும் மேலே ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. புளிப்பா, சிரிப்பா? இனி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சிரிக்கும்போதே அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

அவருக்கு ஊட்டி முடித்து, தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். பேசிக்கொண்டே சாப்பிட்டாள். முடிக்கிற வரைக்கும் அவர் எதிரிலேயே இருந்தார். வேட்டி முடிச்சு அவரை விடவில்லை.