இரண்டு கொடி

தைவானின் காவ்சியுங் நகர மீன் சந்தைக்காரர்களான எங்கள் படகில் கொடி பறிப்பவன் லியாங்-ஜி. டிராகன் படகுப் பந்தயத்தில் அவன் படகின் மூக்கில் குப்புறப் படுத்து, எல்லையில் நடப்பட்ட கொடியை எட்டிப் பிடுங்க வேண்டும். மற்றவர்கள் கை கழன்று விழத் துடுப்புப் போட்டாலும், கொடி வராவிட்டால் தோல்விதான்.

பனிக்காலத்தில் ஸ்கூட்டரில் மீன் பெட்டி கட்டும்போது ரப்பர் கயிறு தெறித்து அவன் இடக்கண்ணில் அறைந்தது. வீக்கம் வடிந்தது. கண்மணிக்குள் வெள்ளை ஏறியது. அடிபட்டதில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை கெட்டு இருபத்திரண்டு வயதில் கண்புரை வந்துவிட்டது, எடுத்துவிட்டுப் புது வில்லை வைக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

சந்தை வேறு வைத்தியம் சொன்னது. கண்ணுக்குக் கண். தலை வெட்டும்போதெல்லாம் மீன்கண்ணைத் தோண்டி, இஞ்சி போட்டு அவித்து அவனுக்கு ஊட்டினோம்.

"இன்னும் ரெண்டு முழுங்குடா. ஒண்ணாவது போய் ஒட்டிக்கும்," என்றேன்.

"அண்ணே, படுத்தா வயித்துக்குள்ளேருந்து யாரோ பாக்குற மாதிரி இருக்கு."

முதல் பயிற்சியில் கொடிக்கு ஒரு முழம் முன்னாலேயே காற்றைப் பிடித்து ஆற்றில் விழுந்தான். அடுத்த முறை கொடிக்கம்பை மூக்கால் பிடித்தான். முரசடிக்கும் மெய்-சூ அக்கா சிரித்த சிரிப்பில் முரசுக்கோல் தண்ணீரில் போனது.

"ஆபரேஷன் பண்ணிக்க. இல்லேன்னா வேற ஆளைப் படுக்க வைப்பேன்," என்றாள்.

"கண்ணுல கத்தி வைப்பாங்கக்கா."

"நீ தினம் எத்தனை மீனுக்கு வைக்கிற. அதுங்க ஏதாவது சொல்லுச்சா?"

படகின் மூக்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தான். கட்டுப் பிரித்ததும் எதிர்த்தெருப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். புண் முழுதாக ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகே படகில் ஏற்றினோம்.

பந்தயத்தன்று எங்கள் சுக்கான்காரன் படகைப் பக்கத்துப் பாதையோரம் இழுத்துவிட்டான். இரண்டு படகுகளின் கொடிகளும் அருகருகே ஆடின. லியாங்-ஜி கணுக்கால் மட்டும் படகில் மாட்டியிருக்க, மொத்தமாக வெளியே பாய்ந்தான். எழுந்தபோது வலக்கையில் எங்கள் சிவப்பு, இடக்கையில் அடுத்தவர்களின் நீலம்.

பக்கத்துப் படகுக்காரன் வெறுங்கையை நீட்டியபடி கிடந்தான். "அது எங்களோடதுடா, களவாணி."

"தெரியும். தெளிவாத் தெரிஞ்சுது. விட மனசு வரலை."

நடுவர் எங்கள் வெற்றியை ரத்து செய்தார். படகோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

"அடுத்த வருஷமும் மூக்கு உனக்குத்தான்," என்றாள் மெய்-சூ அக்கா. "ஆனா இடக்கையைக் கட்டிப் போட்டுருவேன்."

"கட்டுங்கக்கா. ரப்பர் கயிறு மட்டும் வேண்டாம்."