காய்ச்சல் விட்டது என்றார்கள்

"டாக்டரை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க மச்சான். அக்காளை அவர் பாத்தாகணும்."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் வாய் திறந்து ஒன்றும் கேட்கக் கூடாது என்று அப்பா தங்கமுத்து சொல்லித்தான் செங்கமலத்தைக் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார். தாயில்லாத பெண் என்பதால் அக்காள் அழகம்மாளுக்குப் பிரசவம் புருஷன் வீட்டிலேயே நடந்தது. கூடமாட இருக்கத் தங்கை வந்தாள். வந்த இடத்தில் கேட்டுவிட்டாள். அதுவும் எதை? தீட்டுக் கழியாத அறைக்குள் ஓர் ஆம்பளையை.

மச்சான் ரத்தினவேல் தன் அம்மாவைப் பார்த்தான். கண்ணாத்தாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பி.எஸ்ஸி. படிச்ச புள்ளைக்குத் திருச்சிக் காலேஜுல வெக்கத்தை மட்டும் சொல்லிக் குடுக்கல போலருக்கு" என்றாள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அழகம்மாள் அனலாய்க் கொதித்தாள். பிரசவ ஜன்னி என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள், கஷாயம் புகட்டினார்கள். இன்று விடிந்தபோது உடம்பு குளிர்ந்து, நெற்றி வேர்த்து, கண் எங்கேயோ பார்த்தபடி கிடந்தாள். காய்ச்சல் விட்டது என்று வீடே பெருமூச்சு விட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சோறு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கொல்லை அடுப்பில் வெந்நீர்த் தவலை ஏறிவிட்டது.

போன வருஷம் மச்சான் காலில் கருவேல முள் தைத்துச் சீழ் வைத்தபோது இதே வீடு வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடியது. லீவுக்கு வந்திருந்த செங்கமலமும் அக்காளோடு போனாள். மச்சானுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக் கொதித்ததைப் பார்த்து அக்காள் அழுதாள். அப்போது அங்கிருந்த டாக்டர் சொன்னார்: ரத்தத்தில் ஏறிய கிருமியோடு உடம்பு போடும் சண்டைதான் இந்தச் சூடு. எல்லாக் கிருமிக்கும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி சண்டை போடாது. சில உடம்பு அந்தச் சண்டையில் தன்னையே அடித்துச் சாய்த்துக்கொள்ளும்; சூடு போய்ச் சில்லிட்டுவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். மச்சானுக்குப் பென்சிலின் போட்டார்கள். அவன் நடந்தே வீடு வந்து சேர்ந்தான்.

அதைத்தான் செங்கமலம் இப்போது சொன்னாள். "ஒங்களுக்குக் காலு வழியா ஏறுன மாதிரி அக்காளுக்குக் கருப்பை வழியா ஏறிருக்கு. ஒங்க ஒடம்பு கொதிச்சுச்சு, இவ ஒடம்பு ஓஞ்சு போச்சு. காய்ச்சல் விடல மச்சான். தண்ணி ஊத்தாதீங்க."

கருப்பை என்ற சொல்லுக்குக் கண்ணாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். ரத்தினவேல் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். அவனுடைய கால் ஆம்பளைக் கால். அதை யார் தொட்டாலும் தீட்டில்லை.

செங்கமலம் தானே கந்தர்வக்கோட்டைக்கு ஓடினாள். அங்கே டாக்டர் ஏதோ கிராமத்துக்கு அம்மை குத்தப் போயிருந்தார். வெறுங்கையோடு திரும்பியபோது அக்காளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஈரத் தலை. முன்னால் இலையில் சோறு.

"குளுருதுடீ" என்றாள் அழகம்மாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், பிடிக்க வலுவில்லை. செங்கமலம்தான் பிடித்துக்கொண்டாள். சோறு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒப்பாரி வைக்கத் தெரியாத செங்கமலம் மூலையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாமோ, தவலையை எட்டி உதைத்திருக்கலாமோ என்று மனசு போட்டுப் பிறாண்டியது. அப்பாவுக்கு ஆள் போனது. முற்றத்தில் மூங்கில் வெட்டினார்கள்.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி கைப்பிள்ளைக்காரி. தாயை இழந்த பெண்குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துப் பார்த்தாள். "காம்பையே புடிக்க மாட்டேங்குதுடி" என்றாள்.

"தாயைத் தின்னுட்டு இப்பத்தான் அடங்கிக் கெடக்கு, விடு" என்றாள் கண்ணாத்தாள்.

செங்கமலம் எழுந்து போய்த் துணியை விலக்கினாள். சாணிச் சாம்பல் அப்பிய தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. அழுகை இல்லை. பாதம் இரண்டும் சில்லென்றிருந்தன. மச்சானுக்கு நெருப்பு, அக்காளுக்கு வேர்வை. இந்தப் பிஞ்சுக்குச் சண்டை போடவே தெரியவில்லை, பேசாமல் கிடந்தது.

அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த அக்காளின் சேலையை இழுத்துக் குழந்தையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பிணம் கிடக்கும் வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள் என்று கண்ணாத்தாள் கேட்டாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். ரத்தினவேல் வாசலில் குறுக்கே வந்து நின்றான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"எடுக்குறதுக்கு முன்னால போனா ஊர் என்ன பேசும், செங்கமலம்?"

"நீங்க அக்காளைப் பாருங்க" என்றாள்.

அவன் விலகவில்லை. அவள் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி, புதுக்கோட்டை பஸ் வரும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.