ஓயாத மோட்டார்

மழை விட்டு வெயில் வந்த பிறகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் தையல்காரியின் வேலை அறை காயவில்லை. டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. பள்ளிச் சீருடைக்காக வெட்டி அடுக்கிய வெள்ளைத் துணியின் அடிக்கட்டு முழுக்கப் பூஞ்சைப் புள்ளி. இன்னொரு கட்டு பாழானால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு இருப்பது அந்த ஒரு வேலைதான்.

சன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி மழைநீர் உறிஞ்சு குழி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. அடித்தளக் கார் நிறுத்தத்திலிருந்து மோட்டார் இறைக்கும் தண்ணீரும் அதில்தான் விழுந்தது. அந்த மண்ணில் இரண்டு முழம் தோண்டினாலே ஊற்று. குழி வாங்கிய தண்ணீர் எங்கே போகும்? பாதி அவள் தரைக்கு, மீதி மறுபடி அடித்தளத்துக்கு. மோட்டார் அதையே திரும்ப இறைத்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவள் கொழுந்தன், மேல்மாடிக்காரன். படியேறிப் போய்ச் சொன்னாள்.

"மோட்டார்தான் ராப்பகலா ஓடுதே அண்ணி, இன்னும் என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஓடுது. ஒரே தண்ணிய இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு ஊத்தி விளையாடுது. முன்பக்கம் புல்லுப் பள்ளம் இருந்துச்சு. மழை அதுல நின்னு, மெல்லத் தெருக் கால்வாய்க்குப் போச்சு. அத மண்ணடிச்சு மூடிக் கல்லு பதிச்சது யாரு?"

"எல்லார் வீட்டுலயும் ரெண்டாவது கார் வந்துடுச்சு. எங்க நிறுத்துறது, தலையிலயா?"

"என் தலையில நிறுத்தலாமாக்கும்!"

"கீழ்வீடுன்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், அண்ணி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளத்தை மூடியவர்கள் மேலே காய்ந்த தரையில் நடந்துகொண்டு, ஈரம் எப்படிப்பட்டது என்று அவளுக்கே பாடம் நடத்துகிறார்கள். மோட்டார் அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. கீழே இருப்பவள்தானே போட்டு நிறுத்த வேண்டும்! இறங்கிப் போய் நிறுத்தினாள், பூட்டினாள். மாடிப்படி அடியில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கக் கத்தினாள்:

"கீழ கார் வச்சிருக்கவங்க வெளிய எடுத்துக்கங்க. மோட்டார் இனி ஓடாது!"

ஒரு காரும் வெளியே வரவில்லை.

சாயங்காலம் குழியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அடித்தளத்தில் கார்ச் சக்கரங்கள் பாதி முங்கியிருந்தன. கொழுந்தன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான். பின்னால் மேல்வீட்டுக்காரர்கள்.

"குடும்ப மானத்த வாங்காதீங்க அண்ணி. சாவியக் குடுங்க."

"கல்லப் பேத்தெடுங்க, தர்றேன்."

"கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணணும்."

"இத்தன பேரு நிக்கிறீங்களே, இது கூட்டம் இல்லாம என்ன, சினிமா க்யூவா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடப்பாறை வந்தது. முதல் கல் பெயர்ந்ததுமே அவன் சாவிக்குக் கையை நீட்டினான்.

"பள்ளம் முழுசாத் திறக்கட்டும். மோட்டார் குழாயும் கால்வாய்ப் பக்கம் திரும்பட்டும்" என்றாள் அவள். உள்ளே போய், இன்னும் நனையாத கட்டுகளை மேசைமேல் ஏற்றத் தொடங்கினாள்.